மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை: உண்டபின் சிறிது நடப்பது உதவுமா?

அமராவதிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு 64 வயது ஆகிறது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பல ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர். காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. மாத்திரையும், காலை இரவு இரு வேளையும் மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். விடியற்காலையில் எழுந்து முக்கால் மணி நேரம் நடக்கும் பழக்கத்தை அவர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை 110 முதல் 120 வரையில் கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 220, 230 என்று ஏறிவிடுகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை அண்மையில் எடுத்தபோது 7.9 என்று வந்தது.

மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்து பார்க்கட்டும், அடுத்த முறை வரும்போது முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்ததால், எத்தனை நிமிடம் கழித்து, எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் என்று நிதானமாகக் கேட்டுக்கொள்ள இயலவில்லை. வீட்டிலோ என் அத்தை, உண்டவுடன் நடந்தால் சோறு செரிக்காது, வயிறு புரட்டும் என்று தடுக்கிறார். தந்தையாருக்கும் மதியம் உண்டதும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளை விரித்துக்கொள்வதே நெடுநாள் பழக்கம்.

காலையில் முக்கால் மணி நேரம் நடப்பவருக்கு மதியம் தனியாக நடக்க வேண்டிய தேவை என்ன? மதியம் ஒரு மணி வெயிலில் அவரை வெளியே அனுப்ப எனக்கு மனம் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தால் பயன் கிடைக்குமா? இடது முழங்காலில் தேய்மானம் வேறு இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டபின் நடந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் ஆபத்து உண்டா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பொருநை

சகோதரி, நான் கல்லூரியில் உடலியல் கற்பிப்பவன்; மருத்துவன் அல்லன். தங்கள் முதல் கேள்விக்கு என்னால் இயன்ற வரை விளக்கம் தருகிறேன். மருந்தைப் பற்றி அந்தத் துறையில் பணிபுரிபவர்கள் சொல்வதே முறை.

ஒரு தட்டுச் சோறு வயிற்றுக்குள் போனதும், அதிலுள்ள மாவுப்பொருள் குளுக்கோசாக உடைந்து கால் மணி நேரத்திற்குள்ளாகவே இரத்தத்தில் சேரத் தொடங்குகிறது. பெரும்பாலானோருக்கு முதல் கவளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் அது உச்சத்தை எட்டும். நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் உடனடியாக இன்சுலினைச் சுரந்து அந்த ஏற்றத்தைச் சமாளித்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் அந்த முதற்சுரப்பு குன்றியிருக்கும். பிற்பாடு சுரப்பதற்கும் தசைகள் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருப்பவருக்குக்கூட, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் சர்க்கரை மேலேயே நின்றுவிடுகிறது. தங்கள் தந்தையாரின் எண்களில் தெரிவதும் அநேகமாக இதுதான்.

தசைக்குள் குளுக்கோஸ் நுழைவதற்கு இன்சுலின் ஒன்று மட்டுமே வழி அல்ல என்பதுதான் இங்கே முக்கியமானது. தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோசை உள்ளே கொண்டு செல்லும் ஜிஎல்யூடி4 என்னும் புரதம் செல்லின் உள்ளிருந்து அதன் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. இதற்கு இன்சுலினின் கட்டளை தேவையில்லை. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையிலும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. தொடையும் கெண்டைக்காலும் உடலின் மிகப் பெரிய தசைத்தொகுதிகளில் அடங்கும். எனவே இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கால்களை அசைத்தால், ஏறுவதில் ஒரு பகுதி அப்போதே தசைக்குள் இழுக்கப்படுகிறது, உச்சம் தாழ்கிறது. விடியற்காலை நடையின் பயன் உடலில் பல மணி நேரம் தங்குவது உண்மைதான். ஆனால் மதியம் சோறு செரிக்கும் நேரத்தில் கால்கள் அசையாமல் கிடந்தால், அந்த இரண்டாவது வழி பயன்படாமலேயே போய்விடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 60 வயதைக் கடந்த, நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 10 பேரை ஒரே சமயத்தில் 45 நிமிடம் நடக்கவைத்தும், மூன்று வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் வீதம் நடக்கவைத்தும் ஒப்பிட்டார்கள். நாள் முழுவதற்குமான சராசரியைக் குறைப்பதில் இரண்டும் உதவின. இரவு உணவுக்குப் பிந்தைய மூன்று மணி நேர ஏற்றத்தைக் குறைப்பதில் உண்டபின் நடந்த 15 நிமிடமே தெளிவாக மேம்பட்டு நின்றது. 2016இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 நிமிடம் விரும்பிய நேரத்தில் நடக்கச் சொன்னார்கள். மற்றொரு கட்டத்தில் ஒவ்வொரு முக்கிய உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். ஆயினும் உணவுக்குப் பின் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் சராசரியாக 12 விழுக்காடும், மாவுப்பொருள் மிகுதியாக இருந்த இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடும் குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும். எனினும் உடலியல் சொல்லும் காரணமும் அளவிட்டுக் கண்ட முடிவும் ஒரே திசையைக் காட்டுவதால், எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. நம் வீடுகளில் மாவுப்பொருள் மிகுதியாக இருப்பது பெரும்பாலும் மதியத் தட்டில்தான். ஆகவே மூன்று வேளையும் நடக்க இயலாதவர்கள் மதிய வேளை ஒன்றையாவது விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கை கழுவிய பின் பத்து, பதினைந்து நிமிடத்திற்குள் எழுந்து, 10 முதல் 15 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடந்தால் போதும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து நடக்கத் தொடங்கினால், உச்சம் அதற்குள் வந்து போயிருக்கும். வேகமும் தேவையில்லை. நிறைந்த வயிற்றோடு ஓடுவது, பாரம் தூக்குவது போன்ற கடுமையான பயிற்சியால்தான் தங்கள் அத்தை அஞ்சுகிற வயிற்றுப் புரட்டல் வரும். மெல்ல நடப்பதால் செரிமானம் கெடுவதில்லை. சித்த மருத்துவ மரபிலேயே உண்டபின் குறுநடை கொள்ள வேண்டும், பகலில் உறங்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள் என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

காலை நடையை மட்டும் இதற்காக நிறுத்திவிட வேண்டாம். இதயம், இரத்த அழுத்தம், உடல் எடை ஆகியவற்றுக்கு அந்த நீண்ட நடை வேண்டும்.

வெள்ளாறு

வணக்கம் அம்மா. நான் நீரிழிவுப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். பொருநை ஐயா விட்டுவைத்த மருந்துப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்; தங்கள் கேள்விகளில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியதும் அதுதான்.

தங்கள் தந்தையார் எடுத்துக்கொள்ளும் இரண்டு மாத்திரைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. மெட்ஃபார்மின் முதன்மையாகக் கல்லீரல் வெளியிடும் குளுக்கோசைக் குறைக்கிறது. அது தனியாக இருக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதால், உணவு குறைந்தாலும், தாமதமானாலும், உழைப்பு கூடினாலும் தாழ்சர்க்கரை வரலாம். கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவையும் அதே இனத்தைச் சேர்ந்தவை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அவர்கள் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடந்தால் மருந்து வழக்கத்தைவிட விரைவாக உறிஞ்சப்படும் என்பதால், நடக்கவிருக்கும் வேளையில் வயிற்றுப் பகுதியில் போட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் உண்டபின் நடப்பதில்தான் ஆபத்து மிகுதி என்று எண்ணிவிடாதீர்கள். சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெல்லப் பத்து நிமிடம் நடப்பதில் தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் உண்ணாமல் நீண்ட தூரம் நடப்பதில் உள்ளதைவிடக் குறைவு. தந்தையார் கிளிமிபிரைடை விடியற்காலை நடைக்கு முன்பே விழுங்கிவிட்டுப் போகிறாரா, அல்லது திரும்பி வந்து சிற்றுண்டியோடு எடுத்துக்கொள்கிறாரா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது சிற்றுண்டியோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். இரத்த அழுத்தத்திற்காக மெட்டோபிரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் தெரியும். அளவு 70க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி கையில் இல்லாமல் அடையாளம் மட்டும் தெரிந்தாலும்கூட, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட்டும் பிஸ்கட்டும் அந்த நேரத்திற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வேறு சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். முதியவர்கள் சிலருக்கு உண்டபின் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அவர்கள் எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த பிறகே நடக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடை, இடது கை ஆகியவற்றில் வலியோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அதை வாய்வு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவுக்குப் பின் நடக்கும்போது முதன்முதலாகத் தெரியவரும் இதய வலி உண்டு. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு ஒரு இணையை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குள் செருப்பு அணிவதா என்று பெரியவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் உணர்ச்சியற்ற பாதத்தில் பட்ட சிறு கல் எவ்வளவு பெரிய புண்ணாகும் என்பதை நாள்தோறும் பார்க்கிறவள் என்ற முறையில் இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

இந்த நடையால் எண்கள் நன்றாக இறங்கினால், மாத்திரையைத் தாங்களாகவே குறைத்துவிடாதீர்கள். குறித்துவைத்த எண்களோடு மருத்துவரிடம் போனால் அவர் முடிவு செய்வார்.

மாடக்குளம்

அன்புள்ள மகளுக்கு. எனக்கும் தங்கள் தந்தையார் வயதுதான். சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் எனக்கும் உண்டு. வெயிலையும் முழங்காலையும் பற்றி அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. எங்கள் வீட்டில் முன்கூடத்திலிருந்து அடுக்களை வழியாகக் கொல்லைக் கதவு வரை போய் வருவேன். அறை சிறியதாக இருந்தால் அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் அந்தப் பக்க முழங்கால் வலிக்கும் என்பதால், ஒரு முறை இடமாகவும் ஒரு முறை வலமாகவும் திரும்புவது நல்லது. தரை வழுக்காமல் இருக்க வேண்டும். மிதியடி விரிப்புகளை நடக்கும் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். நடை என்று தனியாக வைத்தால் சலிப்பு வரும் என்றால், உண்ட தட்டையும் பாத்திரங்களையும் கழுவி வைப்பது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிப்பது என்று நின்றும் நடந்தும் செய்யும் வேலைகளை அந்த நேரத்திற்கு ஒதுக்கலாம். நம் வீட்டு ஆண்கள் உண்டு எழுந்து நேராக நாற்காலிக்குப் போவதும், பெண்கள் அதன் பின்னும் ஒரு மணி நேரம் அடுக்களையில் நிற்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அந்த வேலையில் பாதியை ஆண்கள் எடுத்துக்கொண்டால் அவர்கள் உடம்புக்கே நல்லது என்று நான் மனதார நம்புகிறேன்.

முழங்கால் மிகவும் வலிக்கும் நாளில் நாற்காலியில் அமர்ந்தபடியே, முன்பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குவேன். பிறகு ஒவ்வொரு காலாக நேரே நீட்டிச் சில நொடி நிறுத்தி மடக்குவேன். கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள தசையை இப்படி இயக்குவதால் சர்க்கரை பாதியாகக் குறையும் என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைக் காட்டி 2022 முதல் காணொளிகள் பரவி வருகின்றன. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் முறையான கண்காணிப்போடு மணிக்கணக்கில் அதைச் செய்தார்கள் என்பதைக் காணொளிகள் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் குதிகாலை ஆட்டினால் அந்தப் பலன் வந்துவிடாது. நடக்க முடியாத நாளில் சும்மா இருப்பதைவிட மேல் என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். சும்மா எழுந்து நிற்பதற்கும் சிறு பயன் உண்டு. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தார் அதே 2022இல் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடர்ந்து உட்கார்ந்திருப்பதைவிட இடையிடையே எழுந்து நிற்பது சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கிறது, இடையிடையே மெல்ல நடப்பது அதைவிட மிகுதியாகக் குறைக்கிறது என்று சொன்னார்கள்.

தந்தையார் செய்தித்தாள் படிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் நடை, பிறகு நாற்காலி என்று வரிசையை மட்டும் மாற்றினால், அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அமராவதிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிளிமிபிரைடை அவர் விடியற்காலையில், நடைக்குப் புறப்படும் முன்பே எடுத்துக்கொள்கிறார் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது; மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, இனிமேல் சிற்றுண்டியோடு எடுத்துக்கொள்ளுமாறு உறுதி செய்துகொண்டோம். மதிய நடைக்கும் சம்மதித்துவிட்டார். ஆனால் நடக்கிறேனே, இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நடையினால் பலன் இருக்கிறதா என்பதை வீட்டுக் கருவியில் எப்படிப் பார்ப்பது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பொருநை

மாத்திரை நேரத்தைச் சரிசெய்தது மிகவும் நல்ல செய்தி.

சோற்றைப் பற்றி: கூடாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மெல்லப் பதினைந்து நிமிடம் நடப்பதில் செலவாகும் ஆற்றல் சிறிது. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுப்பொருள் இருக்கிறது. கூடுதலாக ஒரு கரண்டி வைத்தால், நடையால் தாழ வேண்டிய உச்சம் பழைய இடத்திற்கே போய்விடும். பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை போன்றவற்றில் ஒரு பங்கை முதலில் உண்டு, சோற்றைப் பிறகு தொடங்கினால் ஏற்றம் மெதுவாக இருக்கும். அந்த வகையில் சோறு குறைந்தாலும் வயிறு நிறைந்த நிறைவு இருக்கும். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு வைப்பதற்குப் பதிலாக, மோரைக் குடித்து முடித்துக்கொள்வதும் ஒரு வழி.

அளந்து பார்ப்பதற்கு: ஏறத்தாழ ஒரே அளவுச் சோறும் ஒரே வகைக் குழம்பும் உள்ள நாட்களாகத் தேர்ந்தெடுத்து, சில நாள் நடந்தும் சில நாள் நடக்காமலும் பாருங்கள். நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். உண்டு முடித்ததிலிருந்து அல்ல. சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு முறையும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறையும் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். முந்தைய அளவே 150 ஆக இருந்த நாளையும் 110 ஆக இருந்த நாளையும் கடைசி எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

வீட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தர விதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை முன்பின் காட்டுவதை அனுமதிக்கிறது. அதாவது உண்மையில் 200 இருக்கும்போது கருவி 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் அது தரத்திற்கு உட்பட்டதே. எனவே ஒரு நாள் 230, மறுநாள் 215 என்று வந்தால் அதைப் பலன் என்றும் கொள்ள வேண்டாம், பலன் இல்லை என்றும் சோர்ந்துவிட வேண்டாம். இரு வகை நாட்களிலும் பல அளவீடுகளைச் சேர்த்துச் சராசரியைப் பாருங்கள். உண்டபின் உச்ச அளவு 180க்குள் இருப்பதைப் பொதுவாக இலக்காக வைக்கிறார்கள். தந்தையாரின் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் ஏற்ப அவருடைய இலக்கை மருத்துவர் சற்றுத் தளர்த்தியும் சொல்லலாம். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், அதைச் சில வாரங்களிலேயே எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

நடந்தும் மதிய அளவு 200க்குக் கீழே வராவிட்டால், தந்தையார் மருந்தைக் கூட்ட மறுக்கக் கூடாது. இன்சுலின் சுரப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது இந்த நோயின் இயல்பு. அதற்கு அவர் நடையில் குறை வைத்தார் என்று பொருள் இல்லை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெள்ளாறு

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாத்திரை நேரம் மாறியிருப்பதால், முதல் சில நாட்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டாயம் ஒரு முறை பாருங்கள். அந்த அளவு 90க்குக் கீழே இருந்தால், முதலில் உண்டு, பதினைந்து இருபது நிமிடம் அமர்ந்த பிறகு நடந்தால் போதும். அந்த நாளில் நடையும் பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம். 70க்குக் கீழே இருந்தால் அன்று மதிய நடையை விட்டுவிட்டு, நான் முன்பு எழுதியபடி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அந்த எண்ணையும் நேரத்தையும் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.